செவிகள் திறந்திருக்கட்டும்: பட்டாசு வட்டாரத்து இருசக்கர வாகனத் தொழிலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல், விருதுநகர்ப் பகுதிகளில் பட்டாசு ஆலைகளுக்கும் தீப்பெட்டி ஆலைகளுக்கும் அச்சகங்களுக்கும் நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் வேலைக்குச் சென்று திரும்பும் சகோதர சகோதரிகளுக்கு,

வண்டி ஓட்டிக்கொண்டே பாட்டுக் கேட்பது பற்றி இதுவரை உங்களிடம் பேசியவர்கள் பெரும்பாலும் 'கூடாது' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். சாலைப் பாதுகாப்பு வாரத்தில் கட்டப்படும் தட்டிகள் அபராதத்தைச் சொல்கின்றன. சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் காதில் இருப்பதைக் கழற்றச் சொல்கிறார். வீட்டிலுள்ள பெரியவர்கள் வைகிறார்கள். ஆனால் பாட்டுக் கேட்பதற்குப் பல வழிகள் இருக்கின்றன என்பதையும், அவற்றுள் ஒவ்வொன்றாலும் செவிக்கு நேர்வது வேறு வேறு என்பதையும், இந்த வட்டாரத்தின் சாலைகளுக்கு அவற்றில் எது பொருந்தும், எது பொருந்தாது என்பதையும் உங்களிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னவர் எவருமில்லை. காரணம் சொல்லாமல் விதிக்கப்படும் தடை, காவலரின் தலை மறைந்ததும் மறக்கப்படுவது இயல்பே. அந்தக் காரணங்களை முழுமையாக எடுத்துரைப்பதற்கும், அவற்றின் அடிப்படையில் உங்களிடம் ஒரு வேண்டுகோளை வைப்பதற்கும் இம்மடல் எழுதப்படுகிறது.

பாட்டின் மேல் உங்களுக்குள்ள ஆசையில் குறை சொல்வதற்கு எதுவும் இல்லை. வெடிமருந்து கலக்கும் அறையிலும் மருந்து செலுத்தும் அறையிலும் வேலை செய்பவர் நாள் முழுவதும் கையையும் கண்ணையும் அடக்கி வைத்திருக்கிறார். ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது, உராய்வு கூடாது, இரும்புக் கருவி கூடாது, கைப்பேசி கூடாது என்ற கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டே அவருடைய பொழுது கழிகிறது. அச்சகத்தில் ஆஃப்செட் இயந்திரத்தின் அருகே நிற்பவருக்கோ அந்த இயந்திரத்தின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் காதில் விழுவதில்லை. ஆலைக்கும் ஊருக்கும் இடைப்பட்ட அரை மணி நேரமே அவர்கள் தமக்கென்று வைத்துக்கொள்ளும் பொழுது. அந்தப் பொழுதில் ஓர் இளையராஜா பாட்டையோ, 100.5 அலைவரிசையில் வரும் கோடைப் பண்பலை நிகழ்ச்சியையோ, பங்குனிப் பொங்கலில் பதிவு செய்து வைத்த நையாண்டி மேளத்தையோ கேட்க விரும்புவது முற்றிலும் நியாயமானது. ஆகவே உங்களிடம் கேட்கப்படுவது பாட்டைக் கைவிடும்படி அன்று. அதைக் கேட்கும் முறையை மாற்றிக்கொள்ளும்படியே.

மாற்ற வேண்டியதன் முதற்காரணம் நீங்கள் செல்லும் சாலை. சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டைக்கும் சாத்தூருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பிரியும் சாலைகளில், காலை வேலை தொடங்கும் நேரத்தில், ஆட்களை ஏற்றி வரும் ஆலை வேன்களும், காகித ரீல் ஏற்றிய லாரிகளும், பட்டாசுப் பெட்டிகளை அடுக்கிய குட்டியானை வண்டிகளும், தண்ணீர் டிராக்டர்களும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு செல்கின்றன. சீமைக்கருவேல் மண்டிய ஓரங்களிலிருந்து ஆடுகளும் நாய்களும் திடுமெனச் சாலையில் இறங்குகின்றன. விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை பல இடங்களில் இச்சாலைகளைக் குறுக்கிடுகிறது. ஆடி மாதத்தில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து செல்லும் பக்தர்கள் இரவிலும் சாலையோரத்தில் சாரை சாரையாகச் செல்கிறார்கள். இவற்றுள் பலவற்றைக் கண்ணுக்கு முன்பாகக் காதுதான் அறிகிறது. பின்னால் வரும் வண்டியைப் பொறுத்தவரை, பக்கக் கண்ணாடி மடக்கப்பட்டோ கழற்றப்பட்டோ இருக்கும் வண்டிகளில், காதைத் தவிர வேறு அறிவிப்பாளரே இல்லை.

இரண்டாவது காரணம் இந்த வட்டாரத்துக்கே உரியது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தார்கள். முதல் வெடியோசை கேட்டு உதவிக்கு ஓடியவர்களும் அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கிக்கொண்டார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நேர்ந்த விபத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரிதும் சிறிதுமாக இத்தகைய விபத்து நேரும் ஒவ்வொரு முறையும் தீயணைப்பு வண்டிகளும் 108 ஆம்புலன்ஸ்களும் செல்ல வேண்டிய சாலை, நீங்கள் வேலைக்குச் செல்லும் அதே குறுகிய சாலைதான். தீக்காயம் பட்டவரின் உடலிலிருந்து நீர்ச்சத்து விரைந்து வெளியேறுவதால், முதல் சில மணி நேரத்துச் சிகிச்சையே பெரும்பாலும் அவருடைய உயிரைத் தீர்மானிக்கிறது; சிவகாசி அரசு மருத்துவமனைக்கோ, அங்கிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ அவரைக் கொண்டுசெல்லும் வண்டிக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அவ்வண்டியின் சைரன் காதில் விழாமல் சாலையின் நடுவில் சென்றுகொண்டிருக்கும் ஒருவர், தம்மை அறியாமலேயே தம் சக தொழிலாளியின் வழியை மறித்து நிற்கிறார்.

செவி ஓசையை உணரும் விதத்தைச் சிறிது அறிந்துகொண்டால், பாட்டுக் கேட்கும் வழிகளை எடைபோடுவது எளிதாகும். ஓசை எத்திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதுகளையும் ஒப்பிட்டே அறிகிறது. வலப்புறத்திலிருந்து வரும் ஆரன் ஒலி, வலக்காதை எட்டிய பின் இடக்காதை எட்டுவதற்கு ஆகும் காலம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த நுண்ணிய கால வேறுபாட்டையும், இரு காதுகளிலும் படும் ஒலியின் வலிமை வேறுபாட்டையும் கொண்டே மூளை திசையைக் கணிக்கிறது. மேலும், ஒரே நேரத்தில் இரண்டு ஓசைகள் செவியை எட்டும்போது, வலிமையான ஓசை மற்றதை மூழ்கடித்துவிடுகிறது. இதனை ஒலியியலில் மறைப்பு என்பார்கள். செவியில் பாட்டு ஓங்கி ஒலிக்கும்போது ஆரன் ஒலி சற்றுத் தாழ்வாகக் கேட்பதோடு நிற்பதில்லை. பல வேளைகளில் அது அறவே கேட்காமலும் போகிறது.

இனி வழிகளைப் பார்ப்போம். உங்களிடையே மிகுதியாகப் புழங்குவது காதுத் துளைக்குள் செருகும் இயர்பட்களும், கழுத்தைச் சுற்றிக் கிடக்கும் நெக்பேண்டுமே. சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதால் அவை பரவியதில் வியப்பில்லை. ஆனால் அவற்றின் முனையிலுள்ள மென்மையான சிலிக்கான் மொட்டு, காதுத் துளையை அடைத்து வெளியோசையைத் தடுப்பதற்காகவே செய்யப்பட்டது. வீட்டில் அமர்ந்து கேட்பவருக்கு நன்மையாக இருக்கும் அந்த அடைப்பு, சாலையில் செல்பவருக்குத் தீமையாகிவிடுகிறது. சற்று விலை உயர்ந்தவற்றில் இரைச்சல் நீக்கும் வசதி இருக்கிறது: வெளியோசையை ஒரு சிறு ஒலிவாங்கி கேட்டு, அதற்கு நேர்மாறான அலையை உள்ளே எழுப்பி, இரண்டையும் ஒன்றையொன்று அழிக்கச் செய்யும் ஏற்பாடு அது. இந்த வசதி மிகச் சிறப்பாக அழிப்பது தாழ்ந்த சுருதியில் இடைவிடாது ஒலிக்கும் ஓசைகளை. பின்னால் நெருங்கி வரும் லாரியின் எஞ்சின் உறுமல் அத்தகைய ஓசைதான். ஆகவே இருசக்கர வாகனம் ஓட்டுபவர் எதைக் கேட்டாக வேண்டுமோ, அதையே அக்கருவி முதலில் நீக்குகிறது.

ஒரு காதில் மட்டும் செருகிக்கொண்டால் மற்றொரு காது திறந்திருக்கிறதே என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். அந்த எண்ணத்தில் பாதி உண்மை உண்டு. இரு காதுகளையும் அடைப்பதைவிட அது குறைந்த தீங்கு என்பதால்தான் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டம் இரு காதுகளையும் மூடுவதைத் தடுத்து, ஒரு காதுக்கு இடம் தருகிறது. எனினும் மேலே கூறியவாறு திசையை அறிவதற்கு இரண்டு காதுகளும் வேண்டும். ஒன்று அடைபட்டால் ஆரன் ஒலி கேட்கும், ஆனால் அது வலப்புறத்திலிருந்தா இடப்புறத்திலிருந்தா என்பது குழம்பும். இருவழிச் சாலையில் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தடுமாறும் ஒரு நொடியே விபத்துக்குப் போதுமானது. பிரான்சு நாடு 2015 ஜூலை 1 முதல் வாகனம் ஓட்டுபவர் காதில் எந்த இயர்போனையும், ஒரு காதில்கூட, அணியக் கூடாது என்று தடைசெய்தபோது, தலைக்கவசத்தினுள் பொருத்தப்பட்ட ஒலிபெருக்கிகளுக்கு விலக்களித்தது. காதில் கருவி அணியப்படுகிறதா என்பதே அச்சட்டத்தின் அளவுகோல். உங்கள் சாலைகளுக்கு ஏற்ற அளவுகோல், காதுத் துளை அடைபடுகிறதா, திறந்திருக்கிறதா என்பதே.

சட்டைப் பையில் கைப்பேசியை வைத்து அதன் ஒலிபெருக்கியை முழுமையாகத் திறந்துவிடுவது மற்றொரு வழக்கம். வண்டியின் கைப்பிடியில் ப்ளூடூத் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொள்வதும் உண்டு. இவை காதை அடைப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் வேகம் கூடியவுடன் காற்று அந்த ஒலியை அடித்துச் சென்றுவிடுவதால் ஓட்டுபவர் ஒலியை மேலும் மேலும் கூட்டுகிறார். தெருவழியே செல்லும்போது அது ஊருக்கே தொல்லையாகிறது. இவற்றிலும் கேடானது, கைப்பேசியைத் தலைக்கவசத்துக்கும் கன்னத்துக்கும் இடையே செருகிக்கொள்வது. கவசத்தின் உள்ளே தலையோடு ஒட்டியிருக்க வேண்டிய பஞ்சுப் பட்டை விலகி, கவசம் ஒருபுறம் சாய்ந்து, தாடைப் பட்டை தளர்ந்துவிடுகிறது. அந்நிலையில் கீழே விழுந்தால் கவசம் கழன்று ஓடுவதோடு, கண்ணாடியும் உலோகமுமான கைப்பேசியே முகத்தில் அழுந்திக் காயம் செய்யும்.

ஒலியின் அளவு பற்றி உங்களுக்குப் பிறர் பாடம் நடத்தத் தேவையில்லை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஓசை எழுப்பும் பட்டாசைச் செய்யவும் விற்கவும் கூடாது என்ற விதி 1999 முதல் இந்தத் தொழிலின் அன்றாட நடப்பில் ஒன்றாக இருந்துவருகிறது. அந்த டெசிபல் கணக்கையே உங்கள் செவிக்கும் பொருத்திப் பாருங்கள். டெசிபல் என்பது ஏணிப்படி போல் ஒரே சீராக ஏறும் அளவன்று. 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காகிறது. உலகச் சுகாதார நிறுவனம், 80 டெசிபல் ஒலியை ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்றும் வரையறுத்துள்ளது. அந்தக் கணக்கின்படி 89 டெசிபலுக்கு வாரத்தில் 5 மணி நேரமும், 95 டெசிபலுக்கு ஒன்றேகால் மணி நேரமுமே எல்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது தலைக்கவசத்தைச் சுற்றி எழும் காற்றிரைச்சலே ஏறத்தாழ 90 டெசிபலை நெருங்குகிறது. அதற்கு மேலாகப் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் ஒலி 95 டெசிபலை எட்டியாக வேண்டும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் பயணம் செய்பவர் அந்த எல்லையை இரண்டாம் நாளிலேயே தாண்டிவிடுகிறார். உட்செவியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. காதுக்குள் ஓயாமல் ஒலிக்கும் காதிரைச்சலும், கூட்டத்தில் பிறர் பேச்சைப் பிரித்தறிய இயலாமையும் அதன் பின்னர்த் தொடரும். ஏற்கெனவே வேலையிடத்து ஓசைகளுக்கு ஆட்பட்ட உங்கள் செவிக்கு இது மற்றுமொரு சுமை.

எனவே பாட்டுக் கேட்டே ஆக வேண்டும் என்பவர்க்கு எஞ்சியுள்ள வழிகள் இரண்டு. முதலாவது, எலும்புவழி ஒலிப்பான்: காதுக்கு முன்னுள்ள எலும்பின் மேல் அமர்ந்து, அதிர்வை நேரே உட்செவிக்குக் கடத்தும் கருவி. காதுத் துளையை அது அடைப்பதில்லை. ஆனால் தலையின் பின்புறமாகச் செல்லும் அதன் வளையம் தலைக்கவசத்தினுள் சரியாக அடங்குவதில்லை; கவசத்தின் அழுத்தத்தில் அது நகர்ந்தால் ஒலியும் குன்றிவிடும். இரண்டாவது, தலைக்கவச ஒலிபெருக்கி: ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள இரண்டு தட்டையான வட்டுகள், கவசத்தினுள் காதுப் பகுதியிலுள்ள குழியில், காதைத் தொடாமல் அதன் எதிரே அமர்கின்றன; கவசத்தின் இடப்புறத்தில் பொருத்தப்படும் சிறு பெட்டி ப்ளூடூத் வழியாகக் கைப்பேசியோடு இணைகிறது. காதுத் துளை திறந்தே இருப்பதாலும், பொத்தானைப் பார்க்காமலே விரலால் தடவி இயக்க முடிவதாலும், இன்றுள்ள வழிகளுள் இதுவே குறைந்த தீங்குடையது. எனினும் இதிலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. குழி இல்லாத கவசத்தில் வட்டைப் பொருத்துவதற்காக உள்ளிருக்கும் தெர்மாகோல் அடுக்கைக் கத்தியால் செதுக்கக் கூடாது. விழும்போது நசுங்கித் தலையின் அதிர்ச்சியை ஏற்றுக்கொள்வது அந்த அடுக்குதான். மேலும், கருவி திறந்த காதுக்குரியதாக இருந்தாலும், ஒலியை உயர்த்திவிட்டால் மறைப்பு என்ற பழைய தீங்கு மீண்டும் வந்துசேரும். வண்டி நின்றிருக்கும்போது, அருகில் நிற்பவர் இயல்பான குரலில் பேசுவது பாட்டினூடே தெளிவாகக் கேட்க வேண்டும். அதுவே ஒலியின் உச்சவரம்பு. ஓடும்போது காற்றில் பாட்டுக் கேட்கவில்லையென்றால் அதைக் கேட்காமலே செல்வதுதான் முறை.

எந்தக் கருவியானாலும் ஓட்டத்தின் நடுவே அதைக் கையாள்வது தனியொரு ஆபத்து. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. பாட்டை மாற்றுவதற்காக மூன்று நொடி குனிந்து பார்ப்பவர் 40 மீட்டருக்கும் மேல் சாலையைப் பாராமலே சென்றுவிடுகிறார். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தம், கையில் பிடித்த தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவதை அபாயகரமாக ஓட்டுதல் என்ற குற்றத்தில் சேர்த்தது. 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதி, வழிகாட்டும் தேவைக்கு மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில், அதற்கு இடம் அளித்தது. சட்டத்தின் அக்கறை கருவியின் மேல் அன்று, கவனத்தின் மேல் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆலை வாயிலைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கைப்பேசியை வாயிலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே செல்லும் பழக்கம் உங்களிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் நெக்பேண்ட் கழுத்தில், துண்டுக்கடியிலோ சட்டைக் காலருக்கடியிலோ, கிடப்பதை அணிந்தவரே மறந்துவிடக் கூடும். இயர்பட் பெட்டி காற்சட்டைப் பையின் அடியில் கிடப்பதும் அவ்வாறே. அவையும் லித்தியம் மின்கலம் கொண்ட மின்னணுக் கருவிகளே. உள்ளே நுழையுமுன் செப்புத் தகட்டைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னூட்டத்தை வெளியேற்றும் அளவுக்குக் கவனம் தேவைப்படும் ஓரிடத்துக்குள், மின்கலத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செல்வது எந்த விதத்திலும் பொருந்தாது. வேலை முடிந்து திரும்புகையிலும், அலுமினியப் பொடியும் கந்தகமும் படிந்த விரலால் இயர்பட்டை எடுத்துக் காதுக்குள் செருகுவது, காதுத் துளையின் மென்மையான தோலுக்கு அந்த மருந்தை நேரே கொண்டு சேர்ப்பதாகும்.

பின்னிரவில் வேலை முடிந்து திரும்புபவர்கள், பாட்டுத்தான் தூக்கத்தை விரட்டுகிறது என்று கூறுவார்கள். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் அச்சகங்களிலும் சரக்கு ஏற்றும் இடங்களிலும் உழைத்து ஓய்ந்தவரின் களைப்பு எளிதாகப் புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் களைப்புற்ற மூளைக்குப் பாட்டு சிறிது நேர ஊக்கத்தையே தரும். கண்ணிமைகள் சில நொடிகள் தாமே மூடிக்கொள்ளும் குறுந்தூக்கத்தை அதனால் தடுக்க இயலாது. அந்நிலைக்கு மருந்து, வண்டியை ஓரம் நிறுத்தி ஒரு தேநீர் அருந்தி, பதினைந்து நிமிடம் கண்ணயர்வதே. அங்கு நிற்கும்போது பாட்டை எவ்வளவு நேரமும் கேட்கலாம். தலைக்கவசமும் காற்றும் இல்லாததால் அது தாழ்ந்த ஒலியிலேயே முழுச் சுவையோடு கேட்கும்.

ஆகவே உங்களிடம் வைக்கப்படும் வேண்டுகோள் இது. ஊருக்கும் ஆலைக்கும் இடையே வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, இயர்பட்டையோ நெக்பேண்டையோ ஒரு காதிலும் செருகாதீர்கள். பாட்டு வேண்டுமென்று நினைப்பவர்கள், இந்தியத் தர நிர்ணய முத்திரை பெற்ற தலைக்கவசத்தை முதலில் வாங்கி, அதன் பிறகு கையில் பணம் சேரும்போது, அதை வெட்டாமல் பொருத்தக்கூடிய ஒலிபெருக்கியை வாங்குங்கள். கிளம்புமுன் பாட்டு வரிசையையும் ஒலியளவையும் அமைத்துவிட்டு, போய்ச் சேரும்வரை, பாட்டை நிறுத்துவதற்கன்றி, அவற்றைத் தொடாதீர்கள். ரயில்வே கடவுப்பாதையை நெருங்கும்போதும், ஊர்த் தெருக்களிலும், இருக்கன்குடி நடைப்பயணக் காலத்திலும் பாட்டை நிறுத்திவிடுங்கள். ஆலை வாயிலில் கைப்பேசியோடு சேர்த்துக் காதுக்கருவியையும் கழற்றி ஒப்படையுங்கள். உங்களுக்கு அடுத்து நிற்பவர் கழுத்தில் நெக்பேண்ட் கிடந்தால் அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் போர்மேன்களும் தொழிற்சங்கங்களும் ஆலைக்குள் கடைப்பிடிக்க வலியுறுத்தும் கட்டுப்பாட்டை, வாயிலுக்கு வெளியிலுள்ள சாலைக்கும் நீட்டும்படி நீங்களே கேளுங்கள். வண்டி நிறுத்துமிடத்தில் இதை ஓர் அறிவிப்பாக எழுதி வைக்கச் செய்யுங்கள். வரும் தீபாவளிப் பருவத்து வேலை மும்முரமாவதற்கு முன்பாகவே இந்தப் பழக்கத்தைத் தொடங்குங்கள். சைரன் ஒலித்தால் ஒதுங்கி வழிவிடும் முதல் வண்டி உங்களுடையதாக இருக்கட்டும்.